நான்கு நாள் முன்னதாக வந்த குற்றம்

போன வாரம் ஓரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் டொமஸ்டிக் என்கொயரி, அதாவது தொழிலாளி மீதான புகாரைக் கம்பெனிக்குள்ளேயே விசாரிப்பது. விசாரணை அதிகாரி — அடியேன். பெர்சனல் டிபார்ட்மென்டில் இருந்து ரிட்டையர் ஆனவனை வேறு எதற்குக் கூப்பிடுவார்கள்? கல்யாணத்துக்கா?

குற்றப்பத்திரிகையைப் படித்தேன். செல்போன் சார்ஜருக்கு வயர் பொருத்தும் முத்துச்செல்வி, 'அந்தக் காரணம்' என்று பொய் சொல்லி அரை நாள் லீவில் போய்விட்டார். நிரூபணமானால் வேலை போய்விடும்.

எனக்குச் சந்தேகம் வந்தால் லேசில் போகாது. "எந்தக் காரணம்?"

லைன் சூப்பர்வைசர் தேவராஜ், மண்ணூர்க்காரர், நெளிந்தார். "அதான் சார்... லேடீஸ் மேட்டரு."

"குற்றச்சாட்டு தெளிவாக இல்லாவிட்டால் கேஸ் நிற்காது. எழுதுங்கள் — மாதவிடாய்."

எழுதினார். பேனா ஒன்றும் உடைந்துவிடவில்லை.

"பொய் என்று எப்படித் தெரியும்?"

ஒரு சார்ட்டை விரித்தார். எந்த மெஷினுக்கு என்றைக்கு எண்ணெய் போட வேண்டும் என்று குறிக்கும் மெயின்டனன்ஸ் சார்ட். மெஷின் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் பெண்களின் பெயர்கள்! ஒவ்வொருவருக்கும் இருபத்தெட்டு நாளுக்கு ஒரு சிவப்புப் புள்ளி.

"இத்தப் பாருங்க சார். இந்தப் பொண்ணுக்கு டியூ டேட்டு திங்கக்கிழமை. வியாழக்கிழமையே வயித்த வலிக்கிதுன்னு சொல்லிகினு போயிடுச்சு. நாலு நாள் முன்னாடி எப்பிடி சார் வரும்?"

சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்து குன்றத்தூரில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் முத்துச்செல்வி நிமிர்ந்தார். "அதுக்கு ஒங்க சார்ட்டப் படிக்கத் தெரியாதுல்லா சார்?"

நிர்வாகத்தின் சாட்சி, ஃபர்ஸ்ட் எய்டு ரூம் நர்ஸ் கஸ்தூரி. சார்ட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா தேவராஜு, இது மெஷினா? மாசாமாசம் ஒரு முட்டை வளருது. கரு வந்தா தங்கறதுக்கு கர்ப்பப்பை உள்ளாற மெத்தை மாதிரி ஒண்ணு ரெடியாவுது. முட்டை வெளிய வந்தும் கரு தங்கலன்னா, சுமாரா ரெண்டு வாரத்துல அந்த மெத்தை கழண்டு ரத்தமா வந்துடும். ஆனா முட்டை வெளிய வர்ற நாளு முன்ன பின்ன ஆவும். தூக்கம் கெட்டா, கவலைப்பட்டா மாறிப்பூடும். இருபத்தோரு நாள்லயும் வரும், முப்பத்தஞ்சு நாள்லயும் வரும். எல்லாம் சரிதான்."

தூக்கம் என்றதும் எனக்கு அடுத்த சந்தேகம். அந்த மாதத்து ஷிப்ட் ரிஜிஸ்டரைக் கேட்டேன். முத்துச்செல்விக்கு மூன்று வாரத்தில் மூன்று ஷிப்ட். மாற்றியவர் கையெழுத்து — தேவராஜ்!

குற்றம் நிரூபணமாகவில்லை என்று எழுதினேன். மேனேஜர் அரை மனதோடு, "நாளையிலிருந்து டியூட்டிக்கு வரலாம்" என்றார்.

"அறிக்கை நகல் வாங்கியதற்கு ஒரு கையெழுத்து போடும்மா" என்று முத்துச்செல்வியிடம் பேனாவை நீட்டினேன்.

"படிச்சிட்டுப் போடுதேன் சார்." உட்கார்ந்து, வரி வரியாக விரல் வைத்து... பதினோரு பக்கம்.

கஸ்தூரி காதைக் கடித்தார். "ஏய், சாரே உன் பக்கந்தான். அவர் மேலயுமா சந்தேகம்?"

"சார் மேல இல்லக்கா. பேப்பர் மேலதான்."

ஏழாம் பக்கத்தில் விரல் நின்றது. விசாரணைத் தேதியை நான் தப்பாகப் போட்டிருந்தேன். திருத்திக் கொடுத்த பிறகுதான் கையெழுத்து விழுந்தது!