பாதியில் நிறுத்தாமல் விட்ட மாடல்

மலேசியாவின் பத்து பாகாட் ஊரில் உள்ள துணி ஆலை ஒன்றுக்காக, நெசவில் விழும் குறைகளைக் கேமராவில் கண்டுபிடிக்கும் கணினி மாடலை மாசாய் நகரில் எங்கள் சின்ன அலுவலகத்தில் செய்துகொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமை ஆலை முதலாளி பார்க்க வருகிறார். திருப்தி இல்லையென்றால் வேலை சிங்கப்பூர்க் கம்பெனிக்குப் போய்விடும்.

மாடல் எவ்வளவு வேகமாகக் கற்க வேண்டும், எத்தனை அடுக்குகள் வேண்டும் என்பதையெல்லாம் பயிற்சிக்கு முன்பே நாம்தான் முடிவு செய்ய வேண்டும். எது சரியென்று தெரியாததால், ஒவ்வொரு அமைப்பையும் கடைசிவரை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் போக்கில் அடுத்த மாதம்தான் முடியும்.

"எல்லாத்தையும் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மோசமானத நிறுத்திட்டா என்னக்கா?" என்று உடன் வேலை செய்யும் அக்காவைக் கேட்டேன்.

"அலமாக், போச்சு! மெதுவா ஆரம்பிச்சு அப்புறம் ஏறுறதையும் சேர்த்து நிறுத்திடுவ லா."

நியாயம்தான். மதிப்பெண் குறைவாக இருந்தாலும் இன்னும் ஏறிக்கொண்டிருப்பவற்றைத் தொடாதபடி நிரலை மாற்றி எழுதினேன். தேறாதவை சீக்கிரமே நின்றன. அவற்றின் நேரம் மற்றவற்றுக்குக் கிடைத்தது. புதன்கிழமை மதியமே எல்லாம் முடிந்தது. முதலிடம் பிடித்தது, தொடக்கத்தில் எல்லாவற்றுக்கும் பின்னால் தவழ்ந்த ஒன்று!

வெள்ளிக்கிழமை முதலாளி, குறையே இல்லையென்று தான் தேர்ந்தெடுத்த துணியைக் கேமரா முன் விரித்தார். திரையில் ஓரிடத்தில் குறையைக் காட்டும் சிவப்புக் கட்டம் விழுந்தது.

"இங்க ஒன்னும் இல்லையே," என்று நகத்தால் தடவினார். இழை பிரிந்து வந்தது. சிரித்துவிட்டார். வேலை எங்களுக்கே.

"கடைசி பெஞ்சுப் பய ஜெயிச்சிட்டான்," என்றார் அக்கா.

"அவன நிறுத்தாம விட்டது யாரு?"

"நிறுத்தாதன்னு சொன்னது யாரு லா?"