நயினார் வீட்டு நிலவறையில் கடல்

நயினார் அண்ணாச்சிக்கு எதையும் கொஞ்சமாகச் செய்யத் தெரியாது. தாராவியில் மளிகைக் கடை வைத்திருந்தார். கால் கிலோ பருப்பு கேட்டு வருகிறவரை அரை கிலோ வாங்கச் சொல்லி உயிரை எடுப்பார். அறுபத்து நாலாம் வருஷம் செம்பூரில் வீடு வாங்கியதும் அப்படித்தான். இரண்டு அறை போதும் என்றாள் மனைவி பூமாரி. அவரோ கடைச் சரக்கை அடுக்கலாம் என்று, கீழே நிலவறையும் இருக்கிற வீடாகப் பார்த்து வாங்கினார்.

பூமாரிக்கு அந்த வீடு என்றால் உயிர். தாராவியில் ஒற்றை அறைக் கோலியில் இருந்துகொண்டு, பொதுக்குழாயில் சண்டை போட்டே பாதி ஆயுளைக் கழித்தவள். சொந்த வாசலில் நின்று தலை வாரிக்கொள்வதே அவளுக்குப் பெரிய சுகமாக இருந்தது.

புது வீட்டுக்குள் முதலில் உப்பு போக வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். எல்லாரும் ஒரு கிண்ணத்தில் கொண்டு போவார்கள். அண்ணாச்சி ஒரு மூட்டைக் கல்லுப்பையே கொண்டுவந்து நிலவறையில் இறக்கினார்.

ஜூனில் மழை பிடித்தது. நிலவறைச் சுவரில் லேசாக ஈரம் கசிந்தது. ஊரில் ஈரமான மூலையில் உப்பைப் போட்டால் இழுத்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். கடையிலிருந்து இன்னொரு மூட்டையை வரவழைத்துச் சுவரோரம் சாய்த்தார். தரையில் தண்ணீர் நின்றது. மேலும் இரண்டு மூட்டை வந்தது. தண்ணீரும் கூடியது. மிஸ்திரியைக் கூப்பிட்டுச் சுவர் முழுக்கச் சிமெண்டு பூசினார். மழை விட்டிருந்த நாளிலும் தரை நனைந்துதான் கிடந்தது. எங்கிருந்து வருகிறது என்று மிஸ்திரிக்கும் புரியவில்லை, அவருக்கும் புரியவில்லை.

ஒரு நாள் குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்புக் கரித்தது.

"ஏட்டி பூமாரி, இது கடலுட்டி!"

"கடலு எங்கியோ கெடக்கு. இங்க எப்படிங்க வரும்?"

"பம்பாயில பாதி கடலைத் தூத்துக் கட்டுனதுதான. அடியில வந்து நிக்கு. வீடு ஒரு நாளு உக்காந்துரும்."

பக்கத்திலேயே நாலு உப்பு மூட்டை இருந்தது அவர் புத்தியில் ஏறவே இல்லை. அது மருந்தல்லவா? மருந்தைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

வீட்டை விற்பதென்று முடிவாயிற்று. மான்குர்த்தில் இருந்த பிச்சையா என்பவர், பழுதோடு சேர்த்தே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். பூமாரி அழுது பார்த்தாள். சாப்பிடாமல் கிடந்தாள். கடலோடு யாரால் வழக்காட முடியும் என்று அண்ணாச்சி கையை விரித்துவிட்டார்.

பிச்சையா முன்பணம் தர வருவதற்கு முந்தின நாள், உப்பு மூட்டைகளை மேலே ஏற்றச் சொன்னாள் பூமாரி.

"உப்பு லட்சுமி. அடுத்தவங்களுக்கு விட்டுட்டுப் போக மாட்டேன்."

மூட்டைகள் கூடத்துக்கு வந்தன. நிலவறையைத் துடைத்துவிட்டுப் படுத்தார்கள்.

காலையில் கூடத்தில் கால் வைத்த அண்ணாச்சி வழுக்கி விழப்போனார். தரையெல்லாம் தண்ணீர். நக்கிப் பார்த்தார். உப்பு.

"படி ஏறிட்டுட்டி!" என்று அலறினார். "கடலு மேலயே வந்துட்டு!"

பூமாரி நிலவறைக்கு ஓடினாள். சுவரில் பழைய லேசான ஈரம் மட்டும்தான் இருந்தது. தரை காய்ந்து கிடந்தது. மேலே வந்து மூட்டையின் அடியில் கை வைத்தாள். மழைக்காற்றில் உப்பு கசிந்து, சாக்கு சொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். அண்ணாச்சி அவளையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப கடலு?" என்றார்.

வாசலில் பிச்சையா குரல் கேட்டது. பூமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே போய்க் கதவைத் திறந்தாள்.

"வீடு விக்கதா இல்ல, பிச்சையா அண்ணாச்சி. லட்சுமி வேணும்னா நாலு மூட்டை இருக்கு, கொண்டு போங்க."