கத்தாமல் விட்ட ஏலம்

பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவர் அவர். ஆள் வாட்டசாட்டம். குரல் மட்டும் தூங்கும் பிள்ளையின் பக்கத்தில் பேசுவது போலிருக்கும். அவர் விலை சொல்லும்போது வியாபாரிகள் வாயை மூடிக்கொண்டு காதைத் தீட்டுவார்கள்.

நான் கத்திரிக்காய் கொண்டுபோன அன்று எனக்கு ஒற்றைத் தலைவலி மண்டையைப் பிளந்தது. நெற்றித் தைலத்தின் வாசம் அவருக்கு எட்டிவிட்டது.

“தலவலியா அண்ணாச்சி? எனக்கும் வருசக்கணக்கா இருந்துச்சு. எந்த மாத்திரைக்கும் கேக்கல.”

“பிறகு எப்படிப் போச்சு?”

“நான் கத்துனா இவனுவ அதுக்கு மேல கத்துவானுவ. ஒருநா தொண்ட கட்டிப்போயி மெதுவாச் சொன்னேன். விலை கேக்கணுமே, எல்லாவனும் அடங்கிட்டான். அன்னைக்குத் தலவலி வரல. அதையே புடிச்சுக்கிட்டேன்.”

சாரல் காலத்தில் அவரைக் குற்றாலம் ஐந்தருவியில் பார்த்தேன். அருவிக்கு அடியில் நின்று, கழுத்து நரம்பு புடைக்க, “முருங்கக்கா! முருங்கக்கா!” என்று ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். தண்ணீரின் இரைச்சலில் பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது.

வெளியே வந்து என்னைப் பார்த்ததும் சிரித்தார். தலையைத் துவட்டியபடி, சந்தையில் பேசும் அதே குரலில் சொன்னார்:

“இங்கன கத்துனா யாருக்கு அண்ணாச்சி தல வலிக்கப்போவுது?”