வாசல் தாண்டாத சாரம்

நான் இருபத்தெட்டு வருடமாக ஹனோவரில் இருக்கிறேன். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட, வீட்டில் இடுப்பில் கட்டும் சாரத்தோடு வாசலைத் தாண்டியதில்லை. குப்பை கொட்டப் போவதென்றாலும் காற்சட்டை மாட்டிக்கொண்டுதான் போவேன். வந்த புதிதில், அகதி முகாமில், ஒருமுறை கடிதம் எடுக்கச் சாரத்தோடு கீழே இறங்கினேன். படியில் நின்ற இரண்டு பேர் என் இடுப்பைக் காட்டி, பெண்கள் போடும் பாவாடைக்கு ஜெர்மன்காரர் சொல்லும் சொல்லைச் சொல்லிச் சிரித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. அடிக்கவில்லை, ஏசவில்லை. ஆனால் அது எனக்குள் தங்கிவிட்டது.

என் மகன் ஒரு ஸ்கொட்லாந்துப் பெண்ணைக் கலியாணம் செய்தான். இங்கே ஆய்வுகூடத்தில் அவனோடு வேலை செய்தவள். பொறுமையான பிள்ளை, அவளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் எங்கள் முறைப்படி தாலிகட்டு, மாலையில் அவர்கள் முறைப்படி விருந்து என்று பேசி முடித்தோம். காலைக்கு வேட்டி. மாலைக்கு மாப்பிள்ளை கில்ட் அணிய வேண்டும். கில்ட் என்பது அந்த நாட்டு ஆண்கள் விசேஷங்களுக்கு இடுப்பில் சுற்றிக் கட்டும் கம்பளித் துணி. முழங்கால் வரை வரும். அதில் இருக்கும் கட்டத்தை டார்டன் என்கிறார்கள். குடும்பத்துக்குக் குடும்பம் கட்டம் வேறு. குடும்பக் கட்டம் இல்லாதவர்கள் விருப்பமானதைத் தெரிவு செய்யலாம். புதிதாக நெய்விக்கவும் செய்யலாம்.

ஒரு ஞாயிறு பின்னேரம் மகன் வந்து என் எதிரில் உட்கார்ந்தான். நான் வழக்கம்போலச் சாரத்தோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். நீலத்தில் கபில நிறக் கட்டம், இடையில் மெல்லிய மஞ்சள் கோடு. எத்தனை சாரம் கிழிந்தாலும் தமிழ்க் கடையில் அதே கட்டத்தைத்தான் தேடி வாங்குவேன்.

“அப்பா, இந்தக் கட்டத்தில கில்ட் நெய்விக்கப் போறன். ஒரு சாண் துண்டு அனுப்பினால் காணும், நூலை எண்ணி நெய்து தருவினம்,” என்றான்.

“சாரத்திலயோ? உனக்கென்ன விசரோ?”

“நான் பிறந்ததில இருந்து பாத்த கட்டம் இதுதானே. மாமா தங்கட கட்டத்தைத் தாறன் எண்டுறார். எனக்கு எங்கட வீட்டிலயிருந்து ஒண்டு வேணும்.”

இதைவிடத் தெளிவாக ஒரு பிள்ளை எப்படிக் கேட்பான்? எனக்கோ மண்டபம்தான் கண்ணுக்குள் வந்தது. கோயில் ஆட்கள், வேலையிடத்துத் தமிழர்கள், வாய் சும்மா இராத என் கூட்டாளிமார். மாப்பிள்ளை படுக்கையால் எழும்பின கையோடு வந்துவிட்டார் என்று சொல்லுவார்கள். பிறகு அந்த முகாம் படியும் வந்தது. அதை மகனுக்கு நான் ஒருபோதும் சொன்னதில்லை. அன்றைக்காவது சொல்லியிருக்கலாம்.

“சாரம் படுக்கிறதுக்குக் கட்டுறது. அதுக்கு என்ன பரம்பரை? கடையில ரெண்டு எடுத்தால் மலிவு எண்டு வாங்கினது. சபையில என்ரை மானத்தை வாங்காதை,” என்றேன்.

அடுப்படியில் நின்ற மனைவி எட்டிப் பார்த்தாள். “ஆசைப்படுறான், விடுங்கோவன்.”

நான் விடவில்லை. மகன் என் சாரத்தை ஒரு தரம் பார்த்தான். “ஓம் அப்பா, பரவாயில்லை,” என்றான். நெய்பவர்கள் மாதக் கடைசி வரை தவணை கொடுத்திருந்தார்கள். அந்த மூன்று கிழமையும் அவன் வந்து போனான். அதைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வென்றுவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன், முட்டாள்.

கலியாணத்தன்று மாலை என் சம்பந்தி ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் இருந்து மண்டபத்துக்கு நடந்தே வந்தார். பச்சைக் கட்டத்தில் கில்ட், வெறும் முழங்கால். சந்தி முழுக்கச் சனம் பார்த்தது. மனிதர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. எனக்கு அவர்மேல் எரிச்சலாக வந்தது. பொறாமை என்று பிறகு விளங்கியது. அவருக்குப் பின்னால் என் மகன் அதே பச்சைக் கட்டத்தில் வந்தான். அவனுக்கு அது நன்றாகத்தான் இருந்தது. படம் எடுக்கும்போது மகன், சம்பந்தி, அவருடைய தம்பிமார் எல்லோரும் ஒரே கட்டத்தில் வரிசையாக நின்றார்கள். நான் சாம்பல் நிறக் கோட் சூட்டில் ஓரத்தில் நிற்கிறேன். யாரும் என்னை அங்கே தள்ளவில்லை, நானாகத்தான் போய் நின்றேன்.

பிறகு அவர்கள் ஸ்கொட்லாந்துக்கே போய்விட்டார்கள். வாரத்துக்கு ஒருமுறை வந்த தொலைபேசி மாதத்துக்கு ஒருமுறை ஆனது. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை என்றால் சமாதானமாவது பேசலாம்.

போன மாதம் மருமகள் பிள்ளைத்தாச்சி என்று செய்தி வந்தது. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் சாரத்தைத் தோய்க்கச் சொல்லி, காய்ந்ததும் கீழ் விளிம்பில் ஒரு சாண் துண்டை வெட்டி உறைக்குள் வைத்தேன். மனைவி கத்தரிக்கோலை வாங்கி வைத்தாள். அதன் பிறகு மகனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“தம்பி, அந்தச் சாரத் துண்டை அனுப்பட்டோ? பிள்ளைக்கு ஒரு சின்னப் போர்வை நெய்விக்கலாம்.”

அவன் கோபப்படுவான் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் முகாம் கதையைச் சொல்லியிருப்பேன், மன்னிப்பும் கேட்டிருப்பேன்.

“கஷ்டப்படாதேங்கோ அப்பா,” என்றான், மிகவும் மரியாதையாக. “எங்கட கட்டத்தில ஒண்டு நெய்யச் சொல்லியாச்சு. பச்சையில.”

எங்கட என்றான். நான் நல்லது என்றேன். பிறகு அங்கே குளிரோ என்று கேட்டேன், குளிர்தான் என்றான்.

உறை இன்னும் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. வெட்டிய சாரத்தை எறிய மனம் வரவில்லை, அதைத்தான் இப்போதும் கட்டியிருக்கிறேன். வெட்டின பக்கத்தை உள்மடிப்புக்குள் விட்டால் வெளியே தெரியாது. குப்பை கொட்டப் போகும்போது மட்டும் காற்சட்டைக்கு மாறிக்கொள்கிறேன்.