ருக்மணியின் கல்யாணக் காடி

மலாய் நாட்டில், காஜா பேராங் வட்டாரத்தில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால், புடவைக் கடைக்குப் போவதற்கு முன்பே ருக்மணியிடம் வந்து சொல்லிவிடுவார்கள். மணப்பெண் அலங்காரத்தில் அவளுக்கு அப்படியொரு கைராசி. ஜடை பின்னி, பூ வைத்து, பொட்டிட்டு அவள் எழுப்பி நிறுத்தினால் பெற்ற தாயே ஒரு கணம் திகைத்துப் போவாள்.

ஆனால் அந்த அழகெல்லாம் வீட்டு வாசல் வரைக்கும்தான். அதற்கப்புறம் கோயிலுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா. சுதந்திரத்துக்கு முந்தைய ஆண்டு, ஒரு மழை நாளில், புக்கிட் ரம்பாய் தோட்டத்துப் பெண் ஒருத்தி நனைந்த கோழிக்குஞ்சு போலக் கோயில் வாசலில் வந்து இறங்கினாள். கண் மை கன்னத்தில் வழிந்தது. மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ருக்மணிக்குப் பொறுக்கவில்லை.

ஆற்றுப் பாலத்துக்கு அப்பால், கண்ணாடிச் சுவர் வைத்த கடையொன்றில் சீமைக் காடிகள், மோட்டார் கார்கள், விற்பனைக்கு நின்றன. வெள்ளைக்காரத் துரைமார்களும் தவுக்கேமார் எனப்படும் பெரிய சீன முதலாளிகளும் வாங்கும் காடிகள். கல்யாணத்துக்கு ஒரு நாள் வாடகைக்குத் தருவார்களா என்று கேட்டால்தான் என்ன? லாரி ஓட்டும் தன் கணவன் கணேசமூர்த்தியை அழைத்துக்கொண்டு போனாள்.

டை கட்டிய இளைஞன் ஒருவன் எதிரே வந்தான். ஜெயபாலன் என்று பெயர்.

"உங்க தொரை, துவான், அனுப்பிச்சாரா? டிரைவருங்க பின்பக்கமா வரணும்."

"யாரும் அனுப்பல தம்பி. ஒரு கல்யாணத்துக்குக் காடி கேட்டு நாங்களாத்தான் வந்தோம்" என்றாள் ருக்மணி. பேசிக்கொண்டே பக்கத்துக் காடியின் கதவில் கை வைத்தாள்.

அவன் துணியை எடுத்து, அவள் கை பட்ட இடத்தை அழுத்தித் துடைத்தான். "மஞ்சளும் குங்குமமும் அப்பிக்கிட்டு ஏறி உக்கார இது மாட்டுவண்டி இல்லம்மா. பாத்தாச்சுல்ல? கெளம்புங்க."

கணேசமூர்த்தி கையை முறுக்கிக்கொண்டு முன்னே போனான். ருக்மணி அவனை வெளியே இழுத்து வந்தாள். வீடு வந்ததும், "எனக்குக் காடி ஓட்டக் கத்துக் குடுங்க" என்றாள்.

"என்னாத்துக்கு?"

"அவன் காடின்னாத்தானே தொடைப்பான்? நம்ம காடின்னா?"

அவன் சிரிக்கத் தொடங்கினான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

துரைமார்கள் ஒவ்வொருவராகச் சீமைக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. ஒருவர் விட்டுப்போன பெரிய கறுப்புக் காடி, பத்து பெரெண்டாம் என்ற ஊரில் ஒரு சீனர் பட்டறையில், கோழிகள் ஏறி உட்காரக் கிடந்தது. அதைத் தவணையில் வாங்கினார்கள். கணேசமூர்த்தி ஓய்வு நாளெல்லாம் அதன் அடியிலேயே கிடந்து சரிபண்ணினான். ருக்மணி இருக்கைகளுக்கு உறை தைத்தாள். மஞ்சள் பட்டாலும் கறை தெரியாத, நல்ல மஞ்சள் நிறத் துணியில். ஓட்டப் பழகும்போது ஒருமுறை சாக்கடையில் இறக்கினாள். தெருவே வேடிக்கை பார்த்தது. மறுநாளும் வெட்கப்படாமல் ஓட்டினாள்.

சுதந்திரக் கொடி ஏறிய அந்த ஆவணியில் முதல் மணப்பெண் அந்தக் காடியில் போனாள். பிறகு ஓயவில்லை. தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்து மலாய் பேசும் செட்டி வீட்டாரும் "ருக்மணி, கெரேத்தா அடா?" என்று, காடி இருக்கிறதா எனக் கேட்டு வந்தார்கள்.

மறு வருஷம் தை மாதத்தில் ஜெயபாலன் வந்து நின்றான், டை இல்லாமல். ருக்மணியை அடையாளம் கண்டதும் ஓரடி பின்வாங்கினான்.

"தங்கச்சிக்குக் கல்யாணம். எங்க கடையில கேட்டேன். விக்கிறதுதான் உன் வேலை, ஏறுறது இல்லன்னுட்டாரு மொதலாளி துவான். இத்தன வருஷமா தொடைக்கிறேன், ஒரு நாளும் பின்சீட்டுல உக்காந்ததில்ல."

"மாட்டுவண்டி வேணும்னா பசார்ல கெடைக்கும்லா!" என்று உள்ளேயிருந்து கணேசமூர்த்தியின் குரல் வந்தது.

"சும்மா இருங்க" என்றாள் ருக்மணி. அவளுக்கும் நாக்கு நுனியில் ஆயிரம் இருந்தன.

"அக்கா, அன்னிக்கு நான்..."

"நீங்க பேசினது தப்புதான். நான் மறக்கல. ஆனா கல்யாணம் உங்களுக்கு இல்லையே. பொண்ணு பேரென்ன?"

"கமலவேணி."

"முல்லைப்பூ நெறைய வாங்கி வையுங்க. விடியவே வந்துடறேன்."

கல்யாணத்தன்று ருக்மணி காடியை ஓட்ட, ஜெயபாலன் பக்கத்தில் முன்சீட்டில் முழங்கால்களை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "கடைப் பக்கம் போகாதீங்கக்கா. துவான் பாத்தா வம்பு" என்றான்.

"அந்த வழியாவே போகலாம்ணே! எல்லாரும் பாக்கட்டுமே!" என்றாள் பின்னாலிருந்து மணப்பெண்.

ருக்மணி சிரித்தாள். "கடக்கரை ரோட்டுல போவோம். காத்து வரும், பொண்ணுக்கு வேர்க்காது."

கண்ணாடியை இறக்கிவிட்டு, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கையசைத்துக்கொண்டே வந்தாள் கமலவேணி.

அதன்பின் அந்தக் கடைக்கு யார் கல்யாணக் காடி கேட்டு வந்தாலும், ஜெயபாலன் முதலில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, "காஜா பேராங்ல ருக்மணி அக்கா வீடுன்னு கேளுங்க" என்று வழி சொல்லி அனுப்பினான். கேட்டு வருபவர்கள் பெருகிப்போய், ருக்மணி இரண்டாவது காடி வாங்க வேண்டியதாயிற்று. அதை ஓட்ட ஆள் தேடியபோது, புதிதாக எடுத்த லைசென்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, "நான் ஓட்டறேன்க்கா" என்று வந்து நின்றாள் கமலவேணி.