முதுகு சுடாத வண்டி

தங்கச்சி இறந்த வருஷம் நானும் மாப்பிள்ளையும் சேர்ந்து கோ-கார்ட் என்கிற குட்டி மோட்டார் வண்டி ஒன்று செய்தோம். மாப்பிள்ளை என்றால் தங்கச்சியின் கணவர். "சாவு விழுந்த வீட்டுல செய்யிற வேலையா இது?" என்று பக்கத்து வீட்டு ஆன்டி மதிலுக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டார். வேறு என்ன வேலை செய்வது என்று அவரும் சொல்லவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. மலேசியாவின் கிள்ளானில் மேரு என்ற ஊருக்குப் போகும் சாலையோரத்துத் தாமான் குடியிருப்பு ஒன்றில், கடைசி வரிசையில் எங்கள் வீடு. பின்கதவைத் திறந்தால் சாக்கடை, அதைத் தாண்டினால் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம், தோட்டத்துக்குள் லோரி போய்ப் போய்க் குழி விழுந்த செம்மண் பாதை. அப்பா போய்ச் சேர்ந்து பல காலம் ஆகியிருந்தது. அம்மாவும் நானும்தான். தங்கச்சிக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம், கொசுக்காய்ச்சல் என்றார்கள், அந்த வாரமே முடிந்துவிட்டது. கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. பிள்ளையும் இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. கருமாதி முடிந்ததும் வேலைக்குப் போனேன். பேக்டரி ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுத்தேன், சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரொம்பத் தைரியசாலி" என்று சொல்லிப் போனார்கள். தைரியமாவது மண்ணாவது.

மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தார். அவருக்குத் தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில் வெல்டர் வேலை. பஸ் மாறி வந்து, வாசல் நாற்காலியில் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார். எங்களுக்குள் பேச ஒன்றும் இருக்காது. ஆனால் அந்த ஒரு நாள்தான் அம்மா அடுப்பைப் பற்ற வைத்தாள். மாப்பிள்ளைக்குச் சோறு போட வேண்டுமே. மற்ற நாட்களில் நான் கடையில் வாங்கி வரும் பொட்டலம்தான், அதிலும் பாதி அப்படியே கிடக்கும்.

மனைவியும் இல்லாத, பிள்ளையும் இல்லாத வீட்டுக்கு ஒரு மனிதர் எத்தனை நாள் வருவார்? அவர் வருவது நின்றால் அம்மாவின் சமையலும் நிற்கும், சாப்பாடும் நிற்கும். அந்தப் பயம் ஒன்றுதான் எனக்குள் மரத்துப் போகாமல் இருந்தது.

வாசலில் தங்கச்சியின் கப்சாய் நின்றது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் வேலைக்கு ஓட்டிப் போன சின்ன மோட்டார் சைக்கிள். விற்க அம்மா சம்மதிக்கவில்லை. ஒரு ஞாயிறு மாப்பிள்ளை அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"சும்மாவே நின்னா இஞ்சின் இறுகிப் போயிரும் மச்சான். கழட்டி ஒரு கோ-கார்ட்டுக்குப் போடலாம்லா. சின்ன வயசுல ரவாங்ல ஈயம் தோண்டுன லோம்பத்து மணல்ல ஓட்ட நாங்களே செஞ்சிருக்கோம்."

நான் அம்மாவைப் பார்த்தேன். "செய்ங்க" என்றாள். அவ்வளவுதான்.

பழைய இரும்புக் கடையில் தண்ணீர்க் குழாய்களும், ஒரு குட்டிக் காரின் பின்சக்கரங்களும் ஸ்டியரிங்கும் கிடைத்தன. முன்சக்கரம், தோட்டத்தில் செம்பனைக் குலை தள்ளுகிற ஒற்றைச் சக்கர வண்டியினுடையது. நாற்காலியின் காலை அறுத்து சீட் ஆக்கினோம். ஸ்பிரிங் கிடையாது. "நம்ம குடல்தான் ஸ்பிரிங்" என்றார் மாப்பிள்ளை. யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

அவர் வெல்டிங் மிஷினை யாரிடமோ இரவல் கேட்டு லோரியில் ஏற்றி வந்திருந்தார். நான் குழாயைப் பிடித்துக்கொள்வேன், அவர் பற்றவைப்பார். துத்தநாக முலாம் பூசிய குழாயைச் சுட்டால் வெள்ளையாய்ப் புகை வரும். "இந்தப் புகைய இழுத்தா ராத்திரி காய்ச்சல் வரும், பால் குடிக்கணும்" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னார். காய்ச்சல் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அம்மா உள்ளே போய் டின் பாலைக் கலக்கி இரண்டு கோப்பையில் கொண்டுவந்து, நாங்கள் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றாள். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் பால். பற்றவைக்காத நாளிலும் பால்.

வேலை மெதுவாகத்தான் நகர்ந்தது. நன்றாக இருக்கிற பற்றவைப்பையே மாப்பிள்ளை அரைத்து எடுத்துவிட்டு மறுபடி பற்றவைப்பார். கையில் தொழில் இருக்கிறவர் இப்படித்தான் போலும் என்று நினைத்தேன். வேலை நீண்டால் எனக்கும் நல்லதுதான்.

இஞ்சினை சீட்டுக்குப் பின்னால் மாட்ட வேண்டும். அந்த மோட்டாரில் சூடேறுகிற தலைப்பாகம் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். "இப்படியே மாட்டுனா ஓட்டுறவன் முதுகு வெந்துரும்" என்று அதைத் திருப்பி, தலை பின்பக்கம் பார்க்க மாட்டினார். சரியென்றுதான் எனக்கும் பட்டது.

ஓட்டிப் பார்க்கிற ஞாயிறு வந்தது. வண்டியைத் தூக்கிச் சாக்கடையைக் கடந்து செம்மண் பாதையில் வைத்தோம். அம்மா சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் பின்கதவருகே போய் நின்றாள். மாப்பிள்ளை சீட்டில் உட்கார்ந்தார். நான் உதைத்து ஸ்டார்ட் செய்தேன். அவர் கியரைப் போட்டு எண்ணெய்க் கைப்பிடியை முறுக்கி வேகம் கொடுத்தார்.

வண்டி பின்னால் போனது. பழம் நசுங்காமல் முன்னே உருண்டு கிடக்க, மாப்பிள்ளை முகத்தை நேரே வைத்துக்கொண்டு, குழியில் தூக்கித் தூக்கிப் போட, காய்ந்த மட்டைக் குவியலுக்குள் போய்ச் சொருகி நின்றார். திருப்பி மாட்டினால் இஞ்சின் சக்கரத்தையும் திருப்பித்தானே சுற்றும்? இரண்டு தடிமாடுகளில் ஒருவனுக்காவது அது தோன்றியிருக்க வேண்டும்.

ஓடிப்போய் மட்டைகளை விலக்கினேன். அவர் இறங்கவில்லை.

"மாட்டுன அன்னிக்கே தெரிஞ்சிருச்சு மச்சான். ரவாங்லயும் இதே தப்பு பண்ணியிருக்கேன்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"வீட்டுல எனக்குப் பொண்ணு பார்த்துட்டாங்க. வேணாம்னு சொல்லிப் பார்த்தேன், விடல. வண்டி ஓடுற அன்னிக்கு உங்ககிட்டச் சொல்லணும்னு நெனைச்சிருந்தேன். அதான் ஓட வேணாம்னு விட்டுட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. காது சுடுகிற அளவுக்கு. அவர் மேல் கோபப்பட நியாயம் இல்லை என்று தெரிந்தே வந்தது. இத்தனை மாதம் கல்லாய்க் கிடந்துவிட்டு, முதலில் வந்தது அழுகையாக இல்லாமல் கோபமாக இருந்ததில் எனக்கே வெட்கமாகவும் இருந்தது. சட்டைப் பையிலிருந்து ஸ்பானரை எடுத்தேன். இப்போதே கழற்றி, சரியாக மாட்டி, கையில் கொடுத்து, போய் வாருங்கள் என்று அனுப்பிவிட வேண்டும் போல இருந்தது. முதல் போல்ட்டைப் பிடித்துத் திருகினேன்.

அம்மா சாக்கடைப் பலகையைத் தாண்டி எங்கள் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. மாப்பிள்ளை சட்டென்று இறங்கித் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா அவர் தோளில் ஒட்டியிருந்த மட்டைத் தும்பைத் தட்டிவிட்டாள்.

"அந்தப் பொண்ணு காரம் சாப்பிடுமா?" என்று கேட்டாள்.

"தெரியல அத்தை" என்றார் அவர்.

"கேட்டு வைங்க. வர்றப்ப கூட்டிக்கிட்டு வாங்க."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீ இப்ப ஏன்டா கழட்டுற? இன்னிக்கே முடிச்சிட்டா அடுத்த வாரம் மாப்பிள்ளை எதுக்கு வருவாரு?"

என் கையிலிருந்து ஸ்பானரை வாங்கிக்கொண்டு, சோறு போட உள்ளே போனாள்.