என் நோட்டில் ஓர் ‘ஆயிற்று’

எங்கள் தொழிற்சாலையில் ஒரு பீஸ் கெட்டுப்போனால் ஐந்து முறை ‘ஏன்’ என்று கேட்க வேண்டும். அதற்கென்று ஒரு படிவம் உண்டு. லைனில் அதற்குப் பெயர் வொய்-வொய். முதல் ஏன் எங்கே தொடங்கினாலும் ஐந்தாவது ஏன் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: ஆபரேட்டரின் கவனக்குறைவு. அதன் கீழே ‘பயிற்சி அளிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. ஓசூருக்கு வந்த புதிதில் ஐந்தையும் யோசித்து எழுதினேன். பிறகு ஐந்தாவதை முதலில் எழுதிவிட்டு, மற்ற நான்கை அதற்கு ஏற்றபடி நிரப்பக் கற்றுக்கொண்டேன். தரக் கட்டுப்பாட்டில் எனக்கு இது இருபத்திரண்டாவது வருடம்.

படிவம் வேறு, என் நோட்டு வேறு. நோட்டை யாரும் எழுதச் சொல்லவில்லை. லைனில் பார்த்ததையும் கேட்டதையும் மணி, நிமிடத்தோடு எழுதிவைப்பது என் பழக்கம். தகராறு வந்தால் “மேடம் நோட்டுல பாத்துக்கலாம்” என்பார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை துளையிடும் இயந்திரத்தில் டிரில்லை மாற்றியிருந்தார்கள். மாற்றினால் முதல் பீஸை கேஜில் போட்டுத் துளையின் அளவைப் பார்க்க வேண்டும். மதிய ஷிப்டு தொடங்கிய நேரம். இயந்திரத்தில் நின்றவள் பாகலூர்ப் பக்கத்துப் பெண். ஆறு வருடமாக ஒப்பந்தத்தில் இருப்பவள். அந்த மாதம்தான் நிரந்தரம் ஆகிறவர்களின் பட்டியலில் அவள் பெயர் ஏறியிருந்தது. நடந்துகொண்டே, “முதல் பீஸ் கேஜ்ல பாக்கணும்மா” என்றேன். அவள் பதில் சொன்னாள். நான் எழுதினேன்: ‘2.05. முதல் பீஸ் சரிபார்ப்பு ஆயிற்று.’ இயந்திரத்தில் தொங்கிய அட்டையிலும் டிக் போட்டேன்.

அடுத்த நிமிடமே சூப்பர்வைசர் அவளை வேறொரு இயந்திரத்துக்கு மாற்றிவிட்டார். அங்கே ஆள் வரவில்லை. அவள் இடத்துக்கு வந்தவர் அட்டையில் என் டிக்கைப் பார்த்துவிட்டு ஓட்ட ஆரம்பித்தார். சாயங்காலம் பார்த்தால் இரண்டு டிரே முழுக்கத் துளை பெரிதாகிக் கிடந்தது.

இந்த முறை ‘கவனக்குறைவு’ என்று முடிக்க முடியவில்லை. பார்க்காமலே பார்த்ததாகச் சொன்னாள் என்று ஆகிவிட்டது. பொய் சொன்னதற்கு மெமோ என்றார் மேலாளர். மெமோ வாங்கியவர் பெயர் அந்தப் பட்டியலில் நிற்காது. சாட்சி என் நோட்டு.

மெமோ தட்டச்சாகி மேலாளரின் மேசைக்கு வந்த வாரத்தில்தான் பெங்களூரிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்திருந்தார்கள். நான்கு அடுக்கு ஆய்வு என்று ஒன்றை அவர் சொல்லித்தந்தார். மேல் அடுக்கில் எல்லோரும் வாயால் சொல்லும் புகார். அதற்கடியில் ஏற்பாடுகள். அதற்கும் அடியில் நாம் உலகத்தைப் பார்க்கும் விதம். எல்லாவற்றுக்கும் கீழே யாரும் சொல்லித்தராமலே நம்பிக்கொண்டிருக்கும் ஒரு கதை, ஒரு படம். அந்தப் படத்தை மாற்றிப் போட்டால் வேறு எதிர்காலம் கண்ணுக்குத் தெரியும் என்றார். எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் மேலாளர் மறுநாளே அதை நான்கு கட்டம் போட்ட படிவமாக ஆக்கிவிட்டார். கட்டத்துக்கு இரண்டு வரிதான் இடம்.

பழக, கைவசம் இருந்த கேஸையே எடுத்துக்கொண்டோம். மேலாளர், சூப்பர்வைசர், பயிற்சியாளர், நான். சூப்பர்வைசர் சேலத்துக்காரர், எழுதுவதில் வேகமானவர். முதல் கட்டத்தில் ‘கவனக்குறைவு’ என்று எழுதினார். இரண்டாவதில் ‘பயிற்சிக் குறைவு’. மூன்றாவதில் ‘மனப்பான்மை’. நான்காவதில் கொஞ்சம் யோசித்துவிட்டு ‘அடிப்படையிலேயே கவனக்குறைவு’ என்று எழுதினார்.

“இதுல கதை எங்கே இருக்கு?” என்றார் பயிற்சியாளர்.

“கதையெல்லாம் எதுக்குங்க சார், பீஸு போச்சு. அவ்ளோதான் கதை.”

ஐந்து கிணறு தோண்டியும் வராத தண்ணீரை நான்கே கிணற்றில் எடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

பயிற்சியாளர் பொறுமையாக, “அந்தம்மாகிட்ட யாராவது கேட்டீங்களா?” என்றார்.

யாரும் கேட்டிருக்கவில்லை. நானும்தான். கூப்பிட்டனுப்பினார்கள். பாதுகாப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டபடி வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

“பாக்காமயே பாத்துட்டேன்னு ஏம்மா சொன்ன?” என்றார் மேலாளர்.

“நான் பாத்துட்டேன்னு சொல்லவே இல்லீங்க சார்.”

“மேடம் நோட்டுல இருக்கே. ஆயிற்றுன்னு.”

“நான் ஆய்த்துன்னேன்.”

“அதத்தான் நானும் சொல்றேன். ஆயிற்று.”

“இல்ல சார். ஆய்த்து.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

சூப்பர்வைசர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. “எங்கூர்ல யாராச்சும் ஒரு வேலை சொன்னா ஆய்த்தும்போம் சார். சரி, செய்றேன்னு அர்த்தம். கன்னடத்துல அப்படித்தான். அக்கா பாக்கணும்னாங்க, நான் ஆய்த்துன்னேன். பீஸைக் கையில எடுக்கறதுக்குள்ள இவரு வந்து அந்த மிஷினுக்குப் போன்னாரு.”

“அப்ப வேலை முடிஞ்சா என்ன சொல்லுவீங்க?” என்றார் பயிற்சியாளர்.

“அதுக்கும் ஆய்த்துதான்.”

“நாசமாப் போச்சு” என்றார் சூப்பர்வைசர். “அப்பறம் எதுன்னு எப்பிடித்தான் தெரிஞ்சுக்கறது?”

“போய்ப் பாத்தாத் தெரியும்ணா.”

பயிற்சியாளர் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்கினார் என்று நினைக்கிறேன்.

நான் நோட்டைத் திறந்தேன். 2.05. ‘ஆயிற்று’. அழகாகத்தான் எழுதியிருந்தேன், றகரத்தின் வளைவுகூடக் கோணவில்லை. நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரி. எங்கள் பக்கம் ‘ஆச்சு’ என்போம். ஆச்சு என்றால் முடிந்துவிட்டது, வேறு பொருள் கிடையாது. அவள் சொன்னதைக் காதில் வாங்கி, மனதுக்குள் ஆச்சு என்று ஆக்கி, நல்ல தமிழில் ஆயிற்று என்று திருத்தி எழுதியிருக்கிறேன். இரண்டு முறை மொழிபெயர்த்துவிட்டு, கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன் என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். வீட்டில் தெலுங்கு, ஊரில் கன்னடம், இங்கே தமிழ் என்று பேசுகிறவள்மீது, தமிழ் மட்டும் தெரிந்த என் நோட்டை வைத்துப் பொய் என்று முத்திரை குத்தியாயிற்று. பழைய நோட்டுகள் வீட்டில் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன. அவற்றில் எத்தனை ஆயிற்றுகள் உண்மையில் ஆனவை என்று இனி யாரிடம் போய்க் கேட்பது?

“தப்பு என்னோடது. அவ சொன்ன வார்த்தை இது இல்ல. நான்தான் மாத்தி எழுதினேன். கண்ணால பாக்காம அட்டையில டிக்கும் போட்டேன்” என்றேன். மேலாளர் என்னை எரிச்சலோடு பார்த்தார். நோட்டு தவறாக இருந்ததைவிட, நான் அதைப் பயிற்சியாளர் முன்னால் சொன்னதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

நான்காவது கட்டத்தில் என்ன எழுதலாம் என்று பயிற்சியாளர் என்னைக் கேட்டார். ‘எழுதி வைத்தது பொய் சொல்லாது என்ற நம்பிக்கை’ என்றேன். இரண்டு வரிக்குள் அடங்கிவிட்டது.

அடுத்தது எதிர்காலம். பத்து வருடம் கழித்து இந்த லைன் எப்படி இருக்கும், ஆளுக்கொன்று சொல்லுங்கள் என்றார். மேலாளர் திரை என்றார். பச்சை விளக்கு எரியாமல் இயந்திரம் ஓடாது. சூப்பர்வைசர் ரோபோ என்றார். “அது ஆய்த்துன்னு சொல்லாது.” கேட்கிறவர் நின்று பார்த்துவிட்டுப் போகிற லைன் என்று நான் சொன்னேன். அதற்கு ஆள் அதிகம் வேண்டும் என்று மேலாளர் உடனே சொல்லிவிட்டார். கடைசியில் பயிற்சியாளர் அவள் பக்கம் திரும்பினார்.

“பத்து வருசமா?” என்றாள். “அடுத்த மாசம் நான் இருப்பனான்னு சொல்லுங்க சார். அப்பறம் யோசிச்சுச் சொல்றேன்.”

மேலாளர் மெமோவை எடுத்து இரண்டாக மடித்துத் தன் கோப்புக்குள் வைத்துக்கொண்டார். “நீ போம்மா, பாத்துக்கலாம்” என்றார்.

பட்டியல் ஒட்டிய அன்று அவள் பெயர் அதில் இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். பக்கத்திலேயே ஓர் அறிவிப்பும் ஒட்டியிருந்தார்கள். குழப்பம் தரும் ஒரு சொல்லை ஷாப் ஃப்ளோரில் இனி யாரும் பயன்படுத்தக் கூடாதாம். அறிவிப்பு தமிழில் மட்டும் இருந்தது. தடை செய்த சொல்லை ‘ஆயிற்று’ என்று அச்சடித்திருந்தார்கள். லைனில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத சொல். எழுதியது நான் ஒருத்திதான். ஆபீசில் போய்ச் சொன்னேன். அடுத்த பிரிண்டில் திருத்திவிடலாம் என்றார்கள். அது இன்னும் அப்படியே இருக்கிறது.

பட்டியல் ஒட்டிய அன்று மதியம் மறுபடியும் டிரில் மாற்றினார்கள். அதே இயந்திரம்.

“முதல் பீஸ் பாத்துடும்மா.”

“ஆய்த்துக்கா.”

நான் நகரவில்லை. அவள் பீஸைத் துடைத்து கேஜில் நுழைத்தாள். கேஜின் போக வேண்டிய பக்கம் போயிற்று, போகக் கூடாத பக்கம் போகவில்லை. அளவு சரி. “ஆய்த்து” என்றாள் மறுபடியும். இரண்டையும் எழுதினேன், அவள் சொன்ன எழுத்திலேயே. 2.10, 2.12.